ட்ரோன் மிஷன் திட்டமிட எந்த மென்பொருள்? கோட்டைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள்

ட்ரோன் மிஷன், அதாவது அது தானாகப் பறந்து முடிக்க வேண்டிய பாதையும் வேலையும், திட்டமிடும் மென்பொருள் எதன் டெமோவைப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். வரைபடத்தில் நாலு மூலையைத் தொட்டு ஒரு பரப்பை வளைப்பார்கள். உடனே அதற்குள் உழவுச் சால் மாதிரி இணைகோடுகள் நிரம்பும். எத்தனை நிமிடம் பறக்கும், எத்தனை படம் எடுக்கும் என்று ஓரத்தில் கணக்கு வரும். 'அப்லோட்' அழுத்தினால் ட்ரோன் கிளம்பிவிடும்.

இந்தக் கோடு போடும் வேலையை இலவச மென்பொருளும் செய்கிறது, ஆண்டுச் சந்தா கேட்கும் மென்பொருளும் செய்கிறது. தரத்திலும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஒரு பரப்பை இண்டு இடுக்கு விடாமல் முன்னும் பின்னுமாகப் போய் முடிப்பது எப்படி என்பது ரோபாட்டிக்ஸில் பழைய கணக்கு. எல்லோரிடமும் விடை இருக்கிறது. ஆகவே அதை வைத்து இது உசத்தி, அது மட்டம் என்று சொல்ல முடியாது. வித்தியாசம் தெரிவது இரண்டு இடங்களில். தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் பறக்கும் உயரத்தை அது எப்படிக் கணக்கிடுகிறது? பாதி வழியில் சிக்னல் அறுந்தாலோ பேட்டரி இறங்கினாலோ அடுத்து என்ன செய்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் பார்த்துவிட்டு, மற்ற வசதிகளை அப்புறம் பார்க்கலாம் என்பது என் கட்சி.

பாதி முடிவை ட்ரோனே எடுத்துவிட்டது

முதலில் உங்கள் ட்ரோனுக்குள் ஓடி அதைத் தானாகப் பறக்கவைக்கும் ஆட்டோபைலட் எது என்று பாருங்கள். ஆர்டுபைலட், பி.எக்ஸ்.4 என்ற இரண்டும் ஓபன் சோர்ஸ். இரண்டும் தரையில் இருக்கும் கணினியோடு பேசப் பயன்படுத்துவது 2009-இல் லோரென்ஸ் மையர் வெளியிட்ட மேவ்லிங்க் நெறிமுறையை. இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மிஷன் பிளானர், க்யூ கிரவுண்ட் கன்ட்ரோல், யு.ஜி.சி.எஸ். ஆகிய மூன்று திட்டமிடும் மென்பொருள்களும் திறந்திருக்கும் கதவுகள். டி.ஜே.ஐ. ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறுவனத்தின் சொந்த டி.ஜே.ஐ. பைலட் 2, இணையத்தில் இயங்கும் ஃபிளைட்ஹப் 2, அப்புறம் வெளியார் எழுதிய சில செயலிகள். யு.ஜி.சி.எஸ். மட்டும் இரண்டு பக்கமும் வேலை செய்யும். லாட்வியாவின் ரீகா நகரத்தைச் சேர்ந்த எஸ்.பி.எச். இன்ஜினியரிங் அதைத் தயாரிக்கிறது.

மேவ்லிங்க் உலகில் மிஷன் என்பது எண் போட்ட கட்டளைகளின் பட்டியல், அவ்வளவுதான். 22 என்றால் மேலே கிளம்பு, 16 என்றால் இந்தப் புள்ளிக்குப் போ, 206 என்றால் இத்தனை மீட்டருக்கு ஒரு படம் எடு, 20 என்றால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பு, 21 என்றால் தரையிறங்கு. மிஷன் பிளானர் சேமித்த கோப்பை நோட்பேடில் திறந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு வரியிலும் 12 பத்திகள். நான்காவது பத்தி கட்டளை எண். அதற்கு முந்தைய மூன்றாவது பத்தியை யாரும் கவனிப்பதில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. அதில் 0 இருந்தால் உயரம் கடல் மட்டத்திலிருந்து. 3 இருந்தால் புறப்பட்ட இடத்திலிருந்து. 10 இருந்தால் அந்தந்தப் புள்ளியின் கீழே உள்ள தரையிலிருந்து. அதே '100 மீட்டர்' இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

மிஷன் பிளானரா, க்யூ கிரவுண்ட் கன்ட்ரோலா

இரண்டும் இலவசம், இரண்டும் ஓபன் சோர்ஸ். பி.எக்ஸ்.4 ஓட்டுபவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, க்யூ கிரவுண்ட் கன்ட்ரோல்தான். யோசனை ஆர்டுபைலட் ஆட்களுக்கு.

மிஷன் பிளானரை எழுதியவர் மைக்கேல் ஓபோர்ன். அதன் வீடு விண்டோஸ். ஆர்டுபைலட்டின் எந்த மூலையில் இருக்கும் அமைப்பையும் அதில் திருத்தலாம், பறந்த பின் அந்தப் பறத்தலின் பதிவான லாக் கோப்பைப் பிரித்து மேயலாம், நிஜ ட்ரோன் இல்லாமலே சிமுலேட்டரில் மிஷனை ஓட்டிப் பார்க்கலாம். விலையாக நீங்கள் கொடுப்பது கண்ணை. ஒருமுறை வைத்த பொத்தானை யாரும் எடுத்ததே இல்லை போலிருக்கும் திரை. புதிதாக வருபவரை அதன் முன் உட்காரவைத்தால் முதல் நாள் மிரண்டுதான் போவார்.

க்யூ கிரவுண்ட் கன்ட்ரோல் விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். பரப்பளவுக்கு ஒன்று, சாலை அல்லது கால்வாய் போன்ற நீளவாக்கு வேலைக்கு ஒன்று, கட்டடம் அல்லது கோபுரத்தைச் சுற்றி எடுக்க ஒன்று என்று திட்ட வகைகள் தெளிவாகப் பிரிந்திருக்கும். வெயிலில் நின்றுகொண்டு டேப்லெட்டில் கட்டைவிரலால் இயக்க இதுதான் தோது. ஆர்டுபைலட் வைத்திருப்பவர்கள் பலர் செய்வதையே நானும் சொல்வேன்: ட்ரோனின் அமைப்புகளைச் சீராக்கும் ட்யூனிங்கும் லாக்கும் மேசையில் மிஷன் பிளானரில், பறப்பது களத்தில் க்யூ கிரவுண்ட் கன்ட்ரோலில். இலவசமாக இரண்டு கிடைக்கும்போது ஒன்றைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முந்தையதின் உரை வடிவ மிஷன் கோப்பைப் பிந்தையதும் படிக்கும்.

உயரம் என்ற ஒன்றில்தான் காசு போகிறது

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கேமராவின் சென்சார் 13.2 மி.மீ. அகலம், 8.8 மி.மீ. உயரம், லென்ஸின் குவியத் தூரம் 8.8 மி.மீ.; படம் 5472 பிக்சல் அகலம். ஃபேன்டம் 4 ப்ரோ போன்ற ஒரு அங்குல சென்சார் ட்ரோன்களில் வந்த அளவு இது. தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் ஒரு படத்தில் அடங்கும் நிலம் 150 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம். ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 2.7 செ.மீ. படங்களைத் தைத்து ஒரே மேப் ஆக்க அவை ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்; அதுதான் ஓவர்லேப். பக்கவாட்டு ஓவர்லேப் 70 சதவீதம் வேண்டும் என்றால் கோட்டுக்குக் கோடு 45 மீட்டர். முன்பின் ஓவர்லேப் 80 சதவீதம் என்றால் 20 மீட்டருக்கு ஒரு படம். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால் 2 வினாடிக்கு ஒரு கிளிக். எல்லாம் சௌகரியம்.

இப்போது அந்தப் பரப்பின் ஒரு பக்கம் 40 மீட்டர் உயரும் மேடு என்று வைத்துக்கொள்வோம். ட்ரோன் புறப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டர் என்று அசையாமல் பறக்கிறது. மேட்டின் மேல் அது தரைக்கு 60 மீட்டரில்தான் இருக்கிறது. படத்தில் அடங்கும் அகலம் 90 மீட்டராகச் சுருங்கிவிடும்; கோடுகள் அதே 45 மீட்டர் இடைவெளி; ஆக பக்கவாட்டு ஓவர்லேப் 50 சதவீதம். முன்பின் 67 சதவீதம். அங்கே மரமோ புதரோ இருந்தால் படங்களைத் தைக்கும் மென்பொருள் திணறும், அந்த இடத்தில் மேப் ஓட்டை விழும். மென்பொருள் திரையில் மட்டும் பரப்பு முழுக்க 70, 80 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

தரையைப் பின்தொடரும் வசதியை இயக்கினால் இது தீரும். ஆனால் எந்தத் தரையை? பெரும்பாலான மென்பொருள்கள் உள்ளே வைத்திருப்பது எஸ்.ஆர்.டி.எம். அல்லது அதைப் போன்ற உலகளாவிய உயரத் தரவு. எஸ்.ஆர்.டி.எம்.மை 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்தது. வட 60 பாகையிலிருந்து தென் 56 பாகை வரைதான் அதன் எல்லை. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. செங்குத்துப் பிழை 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. பல இடங்களில் அதைவிட நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் 40 மீட்டரில் பறக்க அதை மட்டும் நம்புவது துணிச்சல்தான். 2000-க்குப் பிறகு தோண்டிய குவாரி, எழுந்த கட்டடம் எதுவும் அதில் கிடையாது. ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் தரவு புதியது, 2011 முதல் 2015 வரை எடுத்த ரேடார் அளவீட்டிலிருந்து வந்தது. அதிலும் 30 மீட்டர்தான். இரண்டிலுமே மின்கம்பி தெரியாது.

அதனால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: என் சொந்த உயரத் தரவை உள்ளே போட முடியுமா? இங்கேதான் யு.ஜி.சி.எஸ். தன் விலைக்கு நியாயம் சொல்கிறது. முந்தைய பறத்தலிலோ லேசரால் அளக்கும் லைடாரிலோ கிடைத்த உயர மாதிரியைப் போட்டுவிட்டால், பாதை அந்த மேற்பரப்பின் மேல் வளைந்து நெளிந்து போவதை முப்பரிமாணத்தில் பார்த்துச் சரிசெய்யலாம். கட்டட முகப்பை நேராக மேலும் கீழும் எடுக்கும் திட்ட வகையும் உண்டு. நிலத்தடி ரேடார், காந்தமானி மாதிரி தரையை உரசிக்கொண்டு பறக்க வேண்டிய கருவிகளுக்கு, உயரமானியின் நேரடி அளவை வைத்து ட்ரோனை ஓட்டும் தனி ஏற்பாடும் அவர்களிடம் இருக்கிறது. குவாரி, மலைச்சரிவு, சுரங்கம் என்று வேலை செய்பவர்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று இருந்தால் அது இந்த வசதிதான். சமவெளியில் வயல் அளப்பவருக்கு அந்தச் செலவு வீண்.

டி.ஜே.ஐ. பைலட் 2 இதில் பின்தங்கவில்லை. உயர மாதிரியை இறக்கிக்கொள்ளும். தொழில் பயன்பாட்டுக்கான புதிய எண்டர்பிரைஸ் ட்ரோன்கள் சிலவற்றில் கீழே பார்க்கும் சென்சார்களை வைத்து நிகழ்நேரத்திலும் தரையைப் பின்தொடரும். மிஷன் அமைக்கும்போதே உயரம் கடல் மட்டத்திலிருந்தா, புறப்பட்ட இடத்திலிருந்தா, தரையிலிருந்தா என்று கேட்டுவிடுவது நல்ல பழக்கம்.

சொந்தத் தரவைப் போடும்போது ஒரு பொறி இருக்கிறது. ஜி.பி.எஸ். சொல்லும் உயரம் பூமியை வழவழப்பான நீள்வட்டமாக வைத்து அளந்தது. கடல் மட்ட உயரம் ஈர்ப்புவிசையை வைத்து அளந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். இலங்கைக்குத் தெற்கே கடலில் அது ஏறத்தாழ 106 மீட்டர் கீழே. நியூ கினி பக்கம் ஏறத்தாழ 85 மீட்டர் மேலே. உங்கள் கோப்பு ஒன்றில் இருந்து, மென்பொருள் அதை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் பாதை முழுவதும் ஒரே சீராக இறங்கியோ ஏறியோ நிற்கும். திரையில் வடிவம் கச்சிதமாக இருப்பதால் சந்தேகமே வராது. எந்த அடிப்படையில் தரவை எதிர்பார்க்கிறது என்று கையேட்டில் எழுதிவைக்காத மென்பொருளுக்கு நான் மதிப்பெண் குறைத்துவிடுவேன்.

வேகத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மேலே சொன்ன அதே கேமராவோடு 60 மீட்டரில் 80 சதவீதம் வேண்டுமென்றால் 12 மீட்டருக்கு ஒரு படம். வினாடிக்கு 10 மீட்டரில் போனால் 1.2 வினாடிக்கு ஒன்று. கேமராவால் 2 வினாடிக்கு ஒன்றுதான் முடியும் என்றால் வேகத்தை 6-ஆகக் குறைக்க வேண்டும். நல்ல மென்பொருள் இதைச் சொல்லி எச்சரிக்கும். நிலையான இறக்கை விமானங்களுக்கு இன்னொன்றும் உண்டு: நேரத்தை வைத்துக் கிளிக் செய்யச் சொல்லாதீர்கள். காற்றில் வினாடிக்கு 16 மீட்டர் போகும் விமானம், 6 மீட்டர் காற்று பின்னால் தள்ளினால் தரைக்கு 22-இல் போகும், எதிர்த்தால் 10-இல். 2 வினாடி இடைவெளி ஒரு கோட்டில் 44 மீட்டர், அடுத்த கோட்டில் 20 மீட்டர் ஆகிவிடும். தூரத்தை வைத்துக் கிளிக் செய்ய வழியிருக்கிறதா என்பதே கேள்வி.

கோட்டின் திசையையும் சொல்லிவிடுகிறேன். 600 மீட்டருக்கு 200 மீட்டர் நிலத்தில் 45 மீட்டர் இடைவெளியோடு நீளவாக்கில் போனால் 5 கோடு, 4 திருப்பம். குறுக்குவாக்கில் போனால் 14 கோடு, 13 திருப்பம். மொத்தத் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் இறங்கி ஏறுவதில்தான் நேரமும் பேட்டரியும் போகும். கோணத்தைக் கையால் மாற்ற எல்லா மென்பொருளும் விடுகிறது, ஆகவே இதற்காக எதையும் வாங்க வேண்டாம்.

சிக்னல் போனால் மிஷன் யார் கையில்

மேவ்லிங்க் ட்ரோன்களில் மிஷன் முழுவதும் ஆட்டோபைலட்டின் நினைவகத்தில் ஏறிவிடும். மடிக்கணினி அணைந்தாலும் ட்ரோனுக்கு வழி தெரியும். தொடர்பு அறுந்தால் தொடர்வதா, திரும்புவதா என்பதை அமைப்பில் நீங்கள் முன்பே சொல்லிவைக்கலாம். டி.ஜே.ஐ. எண்டர்பிரைஸ் மாடல்களும் இப்படித்தான். ஆனால் சில சிறிய ட்ரோன்களுக்கான வெளியார் செயலிகள் மிஷனை ஏற்றுவதே இல்லை. செயலியே கண்ணுக்குத் தெரியாத ஜாய்ஸ்டிக்கை அசைத்து ட்ரோனை ஓட்டுகிறது. அங்கே சிக்னல் போனால் மிஷனும் போச்சு. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. விளம்பரத்தில் இரண்டுக்கும் பெயர் 'தானியங்கி மிஷன்' என்றே இருக்கும்.

திரும்பும் உயரம் அடுத்தது. ஆர்டுபைலட்டின் மல்டிகாப்டரில், அதாவது பல சுழலிகள் கொண்ட ட்ரோனில், இயல்பாக அமைந்திருப்பது 15 மீட்டர். அதைவிட உயரத்தில் இருந்தால் அந்த உயரத்திலேயே திரும்பும். பி.எக்ஸ்.4-இல் 60 மீட்டர். இரண்டும் புறப்பட்ட இடத்திலிருந்து அளந்தவை. தரையைப் பின்தொடர்ந்து மிஷன் ஒரு மேட்டைத் தாண்டி மறுபுறம் இறங்கியிருக்கும் நேரத்தில் பேட்டரி எச்சரிக்கை வந்தால், ட்ரோன் நேர்கோட்டில் வீடு திரும்பும். நடுவில் 80 மீட்டர் மேடு இருந்தால் அது மேட்டின் பிரச்சினை இல்லை, உங்கள் பிரச்சினை. ஆர்டுபைலட்டில் திரும்பும் உயரத்தையும் தரையை வைத்துக் கணக்கிடச் சொல்லலாம், பி.எக்ஸ்.4-இல் வந்த மிஷன் பாதையிலேயே திரும்பு என்று அமைக்க வழியுண்டு. இரண்டையும் தேடித்தான் இயக்க வேண்டும். பாதையை அழகாகத் தரையோடு ஒட்டி வரைந்து கொடுத்துவிட்டு, திரும்பும் பாதையைப் படத்திலேயே காட்டாத மென்பொருள் பாதி வேலைதான் செய்திருக்கிறது.

இணையத்தில் திட்டமிடுவது

ஃபிளைட்ஹப் 2, ட்ரோன்டிப்ளாய் போன்றவை பிரவுசரில் இயங்குபவை. ஒரே இடத்தை வாரா வாரம் பறந்து ஒப்பிட வேண்டிய குழுவுக்கு, அலுவலகத்தில் ஒருவர் திட்டமிட்டு வேறிடத்தில் ஒருவர் பறக்கும் நிறுவனத்துக்கு, ட்ரோன் பெட்டியிலிருந்து தானே கிளம்பி தானே திரும்பும் டாக் வைத்திருப்பவர்களுக்கு இவைதான் சரி. டி.ஜே.ஐ. தன் முதல் டாக்கை 2022-இல் கொண்டுவந்தது. அதற்கு ஃபிளைட்ஹப் 2 தான் ஓட்டுநர் இருக்கை. தனி ஆளாக வேலை செய்பவருக்கு இதில் கிடைப்பது கொஞ்சம், கொடுப்பது நிறைய. தரவு வேறொருவர் சர்வரில் இருப்பதை உங்கள் வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். களத்தில் மொபைல் சிக்னல் இல்லாவிட்டால் திட்டத்தைத் திருத்த முடிகிறதா என்பதை, வீட்டிலேயே இணையத்தை அணைத்து வைத்துச் சோதிக்கலாம். க்யூ கிரவுண்ட் கன்ட்ரோலிலும் மிஷன் பிளானரிலும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ள வசதி இருக்கிறது.

நாமே எழுதிக்கொண்டால்?

பைத்தான் தெரிந்தவர்களுக்கு இந்த ஆசை வராமல் போகாது. மேவ்லிங்கில் பேச மேவ்எஸ்டிகே, பைமேவ்லிங்க் என்ற இரண்டு நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. மிஷன் பட்டியலை உருவாக்கி ஏற்றுவது ஒரு மதியத்தில் முடியும் வேலைதான். பறக்கும்போதே பாதையை மாற்றும் ஆஃப்போர்டு முறைக்குப் போனால் கதை மாறும். பி.எக்ஸ்.4-இல் வினாடிக்கு 2 முறைக்கு மேல் உங்கள் நிரல் இலக்கை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஆட்டோபைலட் உங்களை நம்புவதை விட்டுவிட்டு ஃபெயில்சேஃப் என்ற அவசரகாலப் பாதுகாப்பு முறைக்குப் போய்விடும். பல ட்ரோன்களை ஒன்றாகப் பறக்கவிட்டு வேலையைச் சிறப்பாகப் பங்கிடுவது, கணினியியலில் கடினம் என்று பெயர் எடுத்த வழித்தடக் கணக்கு. நடைமுறையில் பெரும்பாலோர் நிலத்தை மூன்றாகப் பிரித்து மூன்று ட்ரோனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அதுவே போதும். அதற்கு முன் ஒவ்வொரு ட்ரோனின் மேவ்லிங்க் எண்ணையும் மாற்றிவிடுங்கள். எல்லா ட்ரோனும் 1 என்ற எண்ணோடுதான் வரும், தரையில் உள்ள மென்பொருள் எல்லாவற்றையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளும். தயார் மென்பொருள் செய்யாத ஏதோ ஒன்று உங்கள் தொழிலுக்குத் தேவை என்றால் மட்டும் இந்த வழி.

ஆக, சமதரை, மேவ்லிங்க் ட்ரோன் என்றால் க்யூ கிரவுண்ட் கன்ட்ரோல்; ஆர்டுபைலட்டை உள்ளே புகுந்து பார்க்க வேண்டுமென்றால் மிஷன் பிளானரும் கூடவே. டி.ஜே.ஐ. எண்டர்பிரைஸ், ஒன்றிரண்டு பேர் குழு என்றால் பைலட் 2 போதும். டாக் வந்தால் ஃபிளைட்ஹப் 2. மலை, குவாரி, செங்குத்துச் சுவர், அல்லது இரண்டு மூன்று வகை ட்ரோன்களை ஒரே திரையில் திட்டமிட வேண்டும் என்றால் யு.ஜி.சி.எஸ்.

பணம் கட்டுவதற்கு முன் சோதனைப் பதிப்பில் ஒரு திட்டம் போடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்து அதன் குறுக்கே கோடுகளை ஓடவிடுங்கள். கோப்பை ஏற்றுமதி செய்து, உச்சியில் உள்ள புள்ளியின் உயர எண்ணையும் அடிவாரத்தில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; அவை எதிலிருந்து அளந்தவை என்றும் பாருங்கள். மேவ்லிங்க் என்றால் அதே கோப்பைச் சிமுலேட்டரில் ஓட்டி, ட்ரோன் மேட்டுக்கு மறுபுறம் இருக்கும்போது தொடர்பைத் துண்டித்துவிட்டு அது எந்த வழியாகத் திரும்புகிறது என்று பாருங்கள்.